நாற்பத்தொரு விலக்குச் சொற்கள்

தெக்லா அக்கா எங்கள் ஊருக்கு வந்த எட்டாம் நாள் காலையில் என் அண்ணன் கெர்வாஸ் நான் வேலை பார்க்கும் மருந்துக் கொட்டகைக்கு வந்தார். உள்ளே நோயாளி யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கதவைச் சாத்தினார். அண்ணன் ஊர்க் கவுன்சிலர். எதைச் சொன்னாலும் நாலு பேர் காதில் விழும்படி சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். கதவைச் சாத்துகிற ஆள் இல்லை.

"அந்தத் தீவுக்காரி உன்கிட்டதான வார்த்தை கேட்டு எழுதப் போறா?"

"ஆமாண்ணே. நாளைக்கு ஆரம்பிக்கிறோம்."

"கபாய்க்காரன் பேச்சு மாதிரி இருக்கிற வார்த்தை ஒண்ணும் குடுக்காத."

"அதெப்படிண்ணே முடியும்? பாதி அப்படித்தான இருக்கு."

"அதனாலதான் வந்து சொல்றேன்" என்றார். நின்றபடியே மருந்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தார். அவர் போன பிறகு நான் அவற்றைப் பழைய இடத்தில் வைத்தேன். பிறகு எனக்கும் கை சும்மா இருக்கவில்லை. மறுபடி எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்தேன்.

எயாமா ஆற்றில் எங்கள் அசும் ஊருக்கும் கீழாற்றில் இருக்கும் கபாய் ஊருக்கும் நடுவே வாமிச் சதுப்பு கிடக்கிறது. இரண்டு ஊருக்கும் சேகோப் பனை அங்கேதான். பனையை வெட்டி, தண்டுக்குள் இருக்கும் சோற்றை இடித்து, மாவெடுத்துக் களி கிண்டினால்தான் யார் வீட்டிலும் சாப்பாடு. என் அப்பா காலத்தில் அந்தச் சதுப்புக்காக ஈட்டி எடுத்தார்கள். எங்கள் காலத்தில் மனு எழுதுகிறார்கள். அண்ணன் எழுதிய மனுவில், அசும் மக்கள் மலையிலிருந்து இறங்கி வந்த ஆதிக்குடி, கபாய் மக்கள் ஏரிப் பக்கத்திலிருந்து பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட வேற்று இனம் என்று இருந்தது. நில விசாரணை இரண்டு மாதத்தில் வரப்போகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் தெக்லா அக்கா தலைநகர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து இறங்கினார்.

அவர் சதுப்புக்காக வரவில்லை, எங்கள் பேச்சை ஆராய வந்தவர். போகன்வில் தீவுக்காரர். எங்களைவிட நல்ல கறுப்பு. ஒரு கைப்பெட்டியில் ஒலிப்பதிவுக் கருவியும், கூரைமேல் வைக்கும் சூரியத் தகடும், ஒரு பழைய புத்தகத்தின் நகலும் கொண்டுவந்திருந்தார். ஐம்பது வருடத்துக்கு முன்னால் ரோந்து வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஒரே மத்தியானத்தில் எங்கள் ஊரில் அறுபது வார்த்தை கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அந்த அறுபதை வைத்து யாரோ எங்களையும் கபாயையும் ஒரே மொழிக் குடும்பத்தில் போட்டு, எங்கள் பெயருக்குப் பின்னால் மட்டும் ஒரு கேள்விக்குறி வைத்திருந்தார்கள். மலைமேல் இருக்கும் மொரூப் பேச்சை யாரும் கேட்டதே இல்லை. அதற்கு அந்தப் புத்தகத்தில் ஒரு புள்ளிக்கோடு மட்டும்.

"இந்தக் கேள்விக்குறிய எடுக்கணும், இல்ல உங்கள அந்தக் குடும்பத்துலேருந்தே எடுக்கணும். ரெண்டுல ஒண்ணு" என்றார் தெக்லா அக்கா. எழுதும்போது அவர் வலது காலை ஆட்டிக்கொண்டே இருப்பார். பலகைத் தரை அதிரும். என் வீட்டில் உட்கார்ந்து எழுதினால் அடுப்பங்கரைத் தட்டுகள் கிணுகிணுக்கும்.

அண்ணன் சொன்னதைச் செய்வது கஷ்டமாக இருக்கவில்லை. அதுதான் என்னைப் பிறகு தின்றது. எங்களிடம் ஒரு வார்த்தைக்கு இரண்டு உண்டு. மாமனார், மாமியார், மச்சினர் பெயரை வாயால் சொல்லக் கூடாது. அந்தப் பெயரின் ஒலி வருகிற சாதாரண வார்த்தையையும் சொல்லக் கூடாது. அதற்காகவே ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு விலக்குச் சொல் வைத்திருக்கிறோம். என் மாமனார் பெயர் நெருப்பைக் குறிக்கும் சொல்லில் தொடங்கும். நெருப்புக்கு எங்கள் சொல் எசி. கல்யாணமாகிப் பதினாறு வருடமாக நான் அதை வாயில் எடுத்ததில்லை. 'சிவந்தது' என்று பொருள்படும் பொலாவைத்தான் சொல்வேன்.

அதனால் தெக்லா அக்கா "நெருப்பு?" என்று கேட்டபோது பொலா என்றேன். அது பொய்யில்லை. ஆனால் தண்ணீர், பேன், நிலா, பாம்பு என்று வரும்போது எனக்கு அந்தப் பெயரில் கணவர் வழி உறவு யாருமில்லை. அங்கெல்லாம் அடுத்த வீட்டுப் பெண்கள் தங்கள் கணவர் வழி உறவுகளுக்காக வைத்திருந்த சொற்களை எடுத்துக் கொடுத்தேன். நான்கு வாரத்தில் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றையும் தெக்லா அக்கா மூன்று தடவை சொல்லச் சொல்லிப் பதிந்தார். மூன்று தடவையும் என் குரல் பிசகவில்லை.

என் கணவர் சிம்பே கபாய் ஊர்க்காரர். கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு இங்கேயே வந்துவிட்டார். பதினாறு வருடமாக அவரைக் 'கீழாறு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டுக்குக் கீழே ஓடத்தின் விரிசலுக்குப் பிசின் பூசிக்கொண்டே நாங்கள் பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் தெக்லா அக்கா குளிக்கப் போனபோது மேலே ஏறி வந்தார்.

"ஏண்டி, உங்க ஊர்ல எல்லாரும் உனக்கு மாமியாரா ஆயிட்டாங்களா? தண்ணிக்குக்கூட வேற வார்த்த சொல்ற."

"சும்மா இருங்க."

"நான் சும்மாதான் இருக்கேன். உன் அண்ணன் என்னைய வேத்தாளுன்னு எழுதிக் குடுத்துட்டாரு. இப்ப நீயும் எழுதிக் குடுக்குற. நாளைக்குக் களி கேட்டா விசாரணை முடியட்டும்னு சொல்லுவியோ என்னவோ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கீழே போய் மறுபடி பிசின் பூசினார். ஏற்கெனவே பூசிய இடத்திலேயே பூசிக்கொண்டிருந்ததைப் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

அந்த வாரம் எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மருந்துக் கொட்டகையில் உட்கார்ந்தால் ஆற்றுக்குப் போக வேண்டும் போலிருந்தது. ஆற்றுக்குப் போனால் துணி அலசாமல் திரும்பி வந்தேன். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டுக் கொடுத்தேனா இல்லையா என்று சந்தேகம் வந்து அவர்கள் வீடு வரை ஓடினேன். தாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஐந்தாம் வாரம் தெக்லா அக்கா கதைகளைக் கையில் எடுத்தார். ஊரில் ஐந்தாறு பேர் சொன்ன கதைகளைப் பதிந்து வைத்திருந்தார். வரிவரியாக ஓடவிட்டு நான் பொருள் சொல்ல வேண்டும். முதலில் ஓடவிட்டது அண்ணன் சொன்ன கதை. காட்டுப்பன்றி வேட்டைக்குப் புல்மேட்டில் தீ வைத்த கதை. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

"நாங்கள் நெருப்பு வைத்தோம்" என்றேன். "நெருப்பு மேட்டில் ஏறியது." "நெருப்பு பன்றியைத் துரத்தியது."

மூன்றாவது வரி சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் எசி, எசி என்றே சொல்லிக்கொண்டு போகிறார். கதையின் வேகத்தில் யாருக்கு என்ன சொல்லிக் கொடுத்தோம் என்பதையே மறந்துவிட்டார். கதை முடிவதற்குள் ஏழு தடவை. நடுவே தண்ணீர் வந்தது, பாம்பு வந்தது, நிலாவும் வந்தது.

தெக்லா அக்கா நிமிரவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார். ஆனால் கால் ஆடவில்லை. தட்டுகள் சத்தமில்லாமல் இருந்தன.

அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே கொட்டியிருப்பேன். கேட்கவில்லை. கருவியை மூடி, "நாளைக்கு மொரூப் போலாமா? உங்க வீட்டுக்காரர் ஓடம் ஓட்டுவாரா?" என்று மட்டும் கேட்டார்.

மொரூப்புக்கு ஆற்றை எதிர்த்து ஒன்றரை நாள். சிம்பே பின்னால் மோட்டாரைப் பிடித்திருந்தார். தெக்லா அக்கா நடுவில், நான் முன்னால். இரண்டாம் நாள் தண்ணீர் வற்றி, கல்லில் இடித்து, இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். அந்த ஒன்றரை நாளில் தெக்லா அக்கா என்னிடம் கொசுவைப் பற்றியும், தன் தீவில் விளையும் கிழங்கைப் பற்றியும், விட்டுப் போன தன் கணவனைப் பற்றியும்கூடப் பேசினார். எசியைப் பற்றிப் பேசவில்லை. அவர் சிரிக்கும்போதெல்லாம் நான் துடுப்பை இறுக்கிப் பிடித்தேன்.

மொரூப்பில் மூன்று வீடு. ஒன்பது பேர். அவர்களில் நன்றாகப் பேசக்கூடியவர் ஓமின் என்ற ஐம்பது வயதுப் பெண் என்று சொன்னார்கள். அவரைத் தேடிப் பனங்காட்டுக்குப் போனோம். விழுந்து கிடந்த சேகோப் பனையின் வயிற்றைப் பிளந்து சோற்றை இடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

பொதுமொழியான டோக் பிசினில் தெக்லா அக்கா வந்த காரியத்தைச் சொன்னார்.

"வார்த்தையா? வார்த்தைய எடுத்துட்டுப் போயி என்ன பண்ணுவ? களி கிண்டுவியா?" என்றார் ஓமின்.

"எழுதி வைப்பேன்."

"எழுதிக்க. நான் நிறுத்த மாட்டேன். வெயில் ஏறுனா சோறு புளிச்சுப் போகும். கேக்கணும்னா நீயும் இடி."

தெக்லா அக்கா கருவியைப் பனைமட்டையில் வைத்துவிட்டு ஒரு சம்மட்டியை எடுத்து இடிக்கத் தொடங்கினார். அவர் பிடித்த பிடியைப் பார்த்து ஓமின் வாய்விட்டுச் சிரித்தார். அந்த நேரத்தில் ஓமினுடைய நாய் ஓரமாக எரிந்துகொண்டிருந்த விறகில் வைத்த மீனிடம் போயிற்று. ஓமின் திரும்பிப் பார்க்காமலே கத்தினார்.

எனக்குப் புரிந்தது.

'நெருப்புக்கிட்டேருந்து எந்திரி, நாங்க திங்கணும்' என்று நாயிடம் சொன்னார். நான் அதற்கு முன் ஒரு நாளும் மொரூப் பேச்சைக் கேட்டதில்லை. மலைக்காரர்கள் பேசுவது பறவைச் சத்தம் மாதிரி இருக்கும் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். ஆனால் நாய் புரிந்துகொண்ட அதே நேரத்தில் நானும் புரிந்துகொண்டேன். நாய் எழுந்து போயிற்று. நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நெருப்பை அவர் கெத்தி என்றார். நாங்கள் எசி, கபாய்க்காரர்கள் கெசி. 'நாங்கள்' என்பதற்கு அவர் கொம் என்றார். கபாயிலும் கொம்தான். எங்களுக்கு ஒம்.

"அவங்க சொல்றது எனக்கும் புரியுதுடி. உனக்கு?" என்று சிம்பே என் காதருகே கேட்டார். அவர் குரலில் கேலி இல்லை.

நான் எழுந்து நேராகத் தெக்லா அக்காவிடம் போனேன். அவர் முகம் முழுக்க வியர்வை.

"அக்கா, நான் குடுத்த பட்டியல் சரியில்ல. நாப்பத்தோரு வார்த்த மாத்திக் குடுத்துட்டேன். நெருப்புக்கு எசி. தண்ணிக்கு இப். பேனுக்கு அன்..."

என் மாமனார் பெயரின் ஒலியைச் சிம்பேயின் முன்னாலேயே சொல்லிவிட்டேன். நாக்கு கூசியது. சிம்பே மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தெக்லா அக்கா சம்மட்டியைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும்."

"எப்பத்துலேருந்து?"

"உங்க அண்ணன் கதையிலேருந்து. அதுக்கு முன்னாடியே ஒரு சந்தேகம். எந்த ஊர்லயும் பேனுக்கு அவ்வளவு நீளமா வார்த்தை இருக்காது." பிறகு குரல் ஏறியது. "நாலு வாரம் ஸ்கோலா. நாலு வாரம் நான் உங்கள நம்பி உக்காந்து எழுதிருக்கேன். அத அப்படியே அச்சுல போட்டிருந்தா இன்னொரு அம்பது வருஷத்துக்கு யாரும் இந்த ஆத்துப் பக்கம் திரும்பிருக்க மாட்டாங்க. இது ஒரு குடும்பமே இல்லன்னு எழுதி மூடிருப்பாங்க."

"தப்புதான்க்கா."

"ஏன் செஞ்சீங்கன்னு கேக்கல. சதுப்பு விஷயம் எனக்கும் காதுல விழுந்துச்சு. நீங்களா வந்து சொல்வீங்களான்னு ஒன்றரை நாளா ஓடத்துல காத்துட்டு இருந்தேன். கொசுவப் பத்தி எவ்வளவு நேரம்தான் பேசறது?"

ஓமின் இடிப்பதை நிறுத்தியிருந்தார். அன்றைக்கு அவர் நிறுத்தியது அந்த ஒரு தடவைதான். "ரெண்டு பேரும் சண்டை போட்டு முடிச்சிட்டு இடிங்க" என்றார்.

மொரூப்பில் மூன்று நாள் இருந்தோம். ஓமின் இடித்துக்கொண்டே சொன்னார், மாவைக் கழுவிக்கொண்டே சொன்னார், சுட்ட மீனில் ஒட்டிய சாம்பலைத் தட்டிக்கொண்டே சொன்னார். நாங்கள் பின்னாலேயே அலைந்தோம். மூன்று பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது நான் கண்ணால் பார்த்தேன். கபாயும் மொரூப்பும் 'க' என்று தொடங்கும் இடத்தில் எல்லாம் நாங்கள் அந்தக் 'க'வை விட்டிருக்கிறோம். கிப், இப். கன், அன். ஒன்றிரண்டு இல்லை, வரிசையாக. நாங்களாக எப்போதோ ஒரு காலத்தில் வாயிலிருந்து உதிர்த்திருக்கிறோம்.

"அப்ப நாங்கதான் தூரமாப் போனவங்களாக்கா? அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா?" என்று கேட்டேன். எனக்கு ஏனோ அழுகை வந்தது.

"அவசரப்படாதீங்க. பழச வச்சிருக்கறதுனால ஒருத்தருக்கு ஒருத்தர் நெருக்கம்னு ஆகாது. சேர்ந்து மாத்துனது எதுன்னு பாக்கணும்." அவர் கெத்தி, கெசி, எசி மூன்றையும் சுட்டினார். "மலையில 'தி'. நிலாவப் பாருங்க. இங்க வத்தி, கீழ ரெண்டு ஊர்லயும் வசி. மலைப் பேச்ச விட்டு விலகுன பிறகு, நீங்க பிரியறதுக்கு முன்னாடி, ரெண்டு பேரும் ஒரே வாயா இருந்தப்ப 'தி'ய 'சி' ஆக்கிருக்கீங்க."

பிறகு ஓமினிடம், "போனேன்னு எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டார்.

"யாமெ" என்றார் ஓமின்.

நானும் சிம்பேயும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். போ என்பதற்கு மூன்று ஊரிலும் யாதான். ஆனால் போனேன் என்பதற்கு நாங்கள் லுங் என்போம், யாவோடு எந்த ஒட்டும் இல்லாமல். கபாயிலும் லுங். குழந்தைகள் எங்கள் ஊரில் நாலு வயது வரை யாமெ என்று தப்பாகச் சொல்லி அடி வாங்கும்.

தெக்லா அக்கா பேனாவைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி நடந்தார்.

"வார்த்தைய யாரும் யார்கிட்டயும் கடன் வாங்கலாம். பொண்ணு எடுத்தா வரும், சண்டையில பிடிச்சிட்டு வந்தா வரும். ஆனா இந்த மாதிரி கோணலை எவனும் கடன் வாங்க மாட்டான். இது கூடப் பொறந்தாத்தான் வரும்" என்றார். "மூணும் ஒரே குடும்பம். மொரூப் முதல்ல பிரிஞ்சிருக்கு. அசும், கபாய் ரெண்டும் ஒட்டிப் பொறந்தது."

சிம்பே பாக்கோடு வெற்றிலைக்கொடிக் காயைச் சுண்ணாம்பில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டார். பதினாறு வருடம் கேலி வாங்கிய மனிதர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பாக்கை மென்று துப்பிவிட்டு, "மோட்டார்ல எண்ணெய் கம்மி. நாளைக்குக் கிளம்பணும்" என்றார்.

ஊர் திரும்பியதும் நானே அண்ணன் வீட்டுக்குப் போனேன். வேறு யாராவது சொல்லித் தெரிவதைவிட என் வாயால் தெரியட்டும் என்று நினைத்தேன். அவர் வாசலில் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். மாற்றிக் கொடுத்ததையும் சொன்னேன், திருத்திக் கொடுத்ததையும் சொன்னேன்.

அண்ணன் எழுந்து என்னைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தார்.

"யாரு உன்னையத் திருத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"அவன் சொன்னானா? கீழாறு?"

"அவரு ஒண்ணும் சொல்லல. நீங்க சொன்ன கதைதாண்ணே சொல்லிக் குடுத்துச்சு. எசி எசின்னு ஏழு தடவ சொல்லிருக்கீங்க."

பக்கத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். அதுதான் தப்பாகப் போயிற்று. அண்ணனின் முகம் இருண்டது.

"நீ கபாய்ல போயி இருந்துக்க. உன் பேச்சு அங்கதான சேர்ந்திருக்கு. இனிமே என் வாசல்ல கால் வைக்காத."

சிம்பேயும் பின்னால் வந்து நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். "மச்சான், பேச்சு ஒண்ணுன்னா இந்த வாசலும் என் வாசல்தான. எப்படிப் போகச் சொல்லுவீங்க?" என்றார் நிதானமாக. அண்ணன் உள்ளே போய்விட்டார். அவர் உள்ளே நடக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

விசாரணை மாவட்ட நிலையத்தில் நடந்தது. கபாய் பக்கம் ஒத்மார் என்ற முதியவர் பேசினார். எங்கள் பக்கம் அண்ணன். மனுவை மாற்றாமல் அப்படியே வாசித்தார். மேலாற்றிலும் கீழாற்றிலும் செய்தி பரவியிருந்ததால் ஒத்மார், மொழி தெரிந்த அம்மாவைக் கூப்பிடுங்கள் என்று கேட்டார். நீதிபதி தெக்லா அக்காவை எழுந்து நிற்கச் சொன்னார்.

"இவங்க ரெண்டு பேரும் ஒரே இனமா?"

"இனம் எனக்குத் தெரியாதுங்க. ரெண்டு பேச்சும் ஒரே வீட்டுல பொறந்தது. அது தெரியும்."

"அப்ப சதுப்புக்கு முதல்ல வந்தது யாரு?"

"அந்த வீடு எங்க இருந்துச்சுன்னு பேச்சு சொல்லாது. யாரு எங்க முதல்ல குடியேறுனாங்கன்னும் சொல்லாது. அத என்கிட்ட கேட்டா நான் பொய் சொன்னவளாயிடுவேன்."

இரண்டு பக்கமும் முணுமுணுப்பு. நீதிபதி களைத்துப் போனவராகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேற்று இனம் என்று மனுவில் சொன்னது நிற்காது என்றார். இரண்டு ஊரும் மூன்று மாதத்துக்குள் உட்கார்ந்து பேசி, ஒப்பந்தத்தோடு வர வேண்டும் என்றார்.

அண்ணன் என்னைப் பார்க்காமல் படி இறங்கினார். மறுநாள் தெக்லா அக்கா விமானம் ஏறினார். போகும்போது என் தோளைத் தட்டி, "அந்த நாப்பத்தொண்ணும் வீணில்ல. விலக்குச் சொல்லுன்னு தனியா ஒரு பக்கம் போடுறேன். உங்க பேரோட" என்றார். சந்தோஷப்பட வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை.

இனி சண்டை ஓயும் என்றுதான் நினைத்தேன். நடந்தது வேறு. ஈட்டி எடுத்த காலத்தில்கூட அவர்கள் யாரோ, நாங்கள் யாரோ. இப்போது பங்காளியாகிவிட்டோம். பேச்சுவார்த்தைக்கு ஒத்மாரின் ஆட்கள் பன்றிக்கறியும் களியும் கொண்டு வந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும், பொதுவாக இருந்த வீட்டில் மூத்தவன் யார், இளையவன் யார் என்று தொடங்கினார்கள். மூத்தவனுக்குத்தான் சதுப்பின் மேல்பாதி. நாள் முழுவதும் கத்தினார்கள். வாரத்தில் இரண்டு நாள் அவர்கள் வந்தார்கள், இரண்டு நாள் எங்கள் ஆட்கள் போனார்கள். ஆற்றில் மோட்டார் சத்தம் ஓயவில்லை. காயம்பட்டு யாரும் என்னிடம் வரவில்லை. தொண்டை கட்டிப்போய்த்தான் வந்தார்கள். உப்புநீர் கொப்பளிக்கச் சொல்லி அனுப்பினேன்.

அண்ணன் மட்டும் வரவில்லை. என் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனார். அவர் மனைவியும் ஆற்றில் என்னைக் கண்டால் பானையைத் தூக்கிக்கொண்டு மேலே நகர்ந்துவிடுவாள். தெரிந்தேதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனாலும் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் கொட்டகை வாசலை எட்டிப் பார்த்தேன்.

இரண்டரை மாதம் கழித்து ஒரு காலையில் நான் ஒரு கைக்குழந்தையை எடை போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தவில்லை.

"காய்ச்சலாண்ணே?"

"இல்ல." சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்தபடியே கேட்டார். "அந்த 'க' விழுந்து போச்சுன்னு சொன்னியே. நம்ம வாய்லேருந்துதான விழுந்துச்சு?"

"ஆமா."

"ஒத்மார் அதையே பிடிச்சிட்டுத் தொங்குறான். முழுசா வச்சிருக்கறவன்தான் மூத்தவனாம். கைதவறிக் கீழ போட்டவன் இளையவனாம். எல்லார் முன்னாடியும் சொல்றான்."

"அப்படியெல்லாம் இல்லண்ணே. ரெண்டுக்கும் ஒரே வயசு. நம்மகிட்ட ஒண்ணு விழுந்தா அவங்ககிட்ட வேற ஒண்ணு விழுந்திருக்கும்."

"என்ன விழுந்திருக்கு?"

"தெரியல. தேடணும்."

அவர் எழுந்தார். இரண்டடி நடந்தார். விரலை மடக்கி உதட்டுக்குள் ஏதோ சொல்லிப் பார்த்தார். குழந்தை அழுதது. தாய் அதை வாங்கிக்கொண்டாள்.

"காதுக்கு நாம துமான்னு சொல்றோம். அவன் தும்னு சொல்றான்."

"ஆமா."

"பல்லுக்கு நாம நேகா. அவன் நேக். தோளுக்கு நாம வேலா. அவன் வேல்." அவர் கண் அகலத் திறந்தது. "கடைசிய முழுங்குறான் பாரு. ஒவ்வொரு தடவையும் முழுங்குறான்."

நான் அதைக் கவனித்ததே இல்லை. கபாய்க்காரரோடு பதினாறு வருடம் ஒரே பானையில் சாப்பிட்டும் என் காதில் அது விழவில்லை. தெக்லா அக்கா கண்டுபிடித்திருப்பார், எனக்குச் சொல்லவில்லை. எடை எழுதும் அட்டையைத் திருப்பி, அதன் பின்பக்கம் மூன்றையும் எழுதினேன்.

"இன்னும் சொல்லுங்கண்ணே."

அவர் நின்றபடி இன்னும் ஆறு சொன்னார். நான்கு சரியாக வந்தது, இரண்டு வரவில்லை. வராத இரண்டும் ஏன் வரவில்லை என்று அவருக்கு ஆத்திரம். வேறு சொல்லித் தேடினார்.

"மலைக்காரி கடைசிய வச்சிருக்காளா, முழுங்குறாளா?"

"துமான்னுதான் சொன்னாங்கன்னு ஞாபகம். பல்லுக்கு நிச்சயமாத் தெரியல. எழுதுன தாளெல்லாம் தெக்லா அக்காகிட்ட இருக்கு."

"அப்ப போய்க் கேக்கணும்" என்றார். "சிம்பே எங்க? ஓடம் சரியா இருக்கா?"

"அண்ணே, அவங்க கடைசிய வச்சிருந்தாலும் நாம மூத்தவங்கன்னு ஆகாது. முன்னாடியே சொல்லிட்டேன்."

"அத அப்புறம் பாக்கலாம்."

அவர் படியிறங்கிப் போய் என் வீட்டுப் பக்கம் திரும்பினார். "மச்சான்" என்று கூப்பிடும் சத்தம் கேட்டது. நான் வெளியே வந்தேன், உள்ளே போனேன், மறுபடி வெளியே வந்தேன். பெஞ்சில் இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். கிளம்ப வழியில்லை. காதுக்கும் பல்லுக்கும் தோளுக்கும் மேலாற்றில் என்ன பேர் என்று கேட்டு வரச் சொல்லி ஒரு துண்டுத் தாளில் எழுதி, காத்திருந்தவர்களில் கால் நன்றாக இருந்த ஒருத்தியிடம் கொடுத்தனுப்பினேன். அவள் திரும்பி வந்து, "உங்க அண்ணன் தாள வாங்கிப் பாத்துட்டு, இது மட்டும் போதுமான்னு கேட்டாரு" என்றாள்.

அதற்குள் ஆற்றில் மோட்டார் கிளம்பிவிட்டது.